நிலமும் விலையும்தானே எழுதியிருக்கிறார்கள், பாசம் எங்கே? – நெப்ராஸ்கா குடியேறிகளின் குடும்பக் கடிதங்கள்

4 பிப்ரவரி 2024 – ஒரு வாசகரின் கேள்வி

ஆப்ளிங்கர் குடும்பத்தின் கடிதங்களை ஒரு வாரமாகப் படிக்கிறேன். நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்திடம் இருப்பவை, இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 1862 முதல் 1912 வரை ஐம்பது வருடக் கடிதங்கள். மனைவி, மாமனார் வீடு, மகள்கள் என்று எல்லாருக்கும் எழுதுகிறார்கள். ஆனால் எதைப் பிரித்தாலும் எத்தனை ஏக்கர் உழுதோம், சோளம் என்ன விலை, பக்கத்தில் எந்த நிலம் காலி என்பதுதான். இவ்வளவு தூரம் பிரிந்துபோன மனிதர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசமே இல்லையா? இவற்றை ஏன் குடும்பக் கடிதங்கள் என்று கொண்டாடுகிறார்கள்?

4 பிப்ரவரி, இரவு

பக்கத்து நிலம் காலி என்று எழுதிய அந்த வரிதான் பாசம். அதை மறுபடி படியுங்கள்.

யூரையா ஆப்ளிங்கர் 1872இல் இந்தியானாவிலிருந்து நெப்ராஸ்காவின் ஃபில்மோர் மாவட்டத்துக்குப் போகிறார். மனைவி மேட்டியும் சின்ன மகளும் ஊரில். அவர்கள் வந்து சேர்ந்தது 1873இல்தான். நடுவில் இருந்த அந்த மாதங்களில் மனைவிக்கு அவர் வேறு எதை எழுதுவார்? மண் எப்படி, தண்ணீர் எத்தனை அடியில், விறகுக்கு எவ்வளவு தூரம் போகணும்: இதெல்லாம் நாளைக்கு அவர் மனைவி உலையில் ஊற்றப்போகும் தண்ணீர், அடுப்பில் வைக்கப்போகும் விறகு.

என் அப்பா பத்திர எழுத்தர். பதினோரு வருடம் அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நானும் எழுதினேன். பாகப்பிரிவினைக்கு வருகிறவர்கள் பத்திரத்தோடு பழைய கடுதாசிகளையும் கட்டிக்கொண்டு வருவார்கள். 'நலம், நலமறிய ஆவல்' முடிந்ததும் அடுத்த வரி கிணறு, வரப்பு, குத்தகை நெல். அமெரிக்கக் கடிதங்களுக்கும் இப்படி ஒரு வாய்பாடு உண்டு: பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன், நாங்கள் நலம், இந்தச் சில வரிகள் உங்களையும் அப்படியே காணட்டும் என்பார்கள். அடுத்த வரியிலேயே நிலம் வந்துவிடும். அடுத்தடுத்து நிலம் வாங்கினால் பிரசவத்துக்கு ஆள் இருக்கும், அறுப்புக்கு ஆள் இருக்கும், செத்தால் தூக்க ஆள் இருக்கும். 'பக்கத்தில் காலியாக இருக்கிறது, சீக்கிரம் வா' என்று எழுதுகிறவர் வேறு எப்படித்தான் பாசத்தைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்?

5 பிப்ரவரி

நேற்று கோபத்தில் எழுதிவிட்டுப் படுத்தேன். நிலம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதிதான்.

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது ஆனவர், அல்லது வயது ஆகாவிட்டாலும் ஒரு குடும்பத்துக்குத் தலைவராக இருப்பவர், குடிமகனாகவோ குடிமகனாகும் விருப்பத்தைப் பதிந்தவராகவோ இருந்தால் 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்ட வேண்டும். காட்டினால் பட்டா. இப்படிப் பட்டா வாங்கியவர்கள் மொத்தம் 16 லட்சம் பேர், நிலம் 27 கோடி ஏக்கர்.

அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1785ஆம் வருடச் சட்டத்திலேயே முறை வந்துவிட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் மைலுக்கு மைல் 36 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் அந்த 160. எண் போடுவது, 1796ஆம் வருடச் சட்டத்துக்கு அப்புறம், வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6க்கு நேர் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் மாடு வயல் முனையில் திரும்பி அடுத்த சால் பிடிக்கிற மாதிரியே. 36 தென்கிழக்கு மூலையில் போய் நிற்கும். 16ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கம்.

அளந்த சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. இந்தச் சங்கிலியை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். நாம் இன்றைக்கும் சென்ட் கணக்கில் மனை வாங்குவது இந்தக் கணக்கில்தான். அமெரிக்கப் புல்வெளியையும் நம் நஞ்சையையும் ஒரே மாதிரி சங்கிலி அளந்திருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் பத்திரத்தில் செக்குபந்தி இல்லாமல் நிலம் இல்லை. இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் வரப்புக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று நாலு பக்கமும் ஆள் வேண்டும். அங்கே பட்டாவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இடமே இல்லை. இந்த டவுன்ஷிப், இந்த செக்‌ஷன், வடமேற்குக் கால் பங்கு, தீர்ந்தது கதை. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தையும் அப்படி எழுதி வாங்கிவிடலாம்.

அந்தச் செக்குபந்தி எங்கே போனது? கடிதத்துக்குள் போனது. வடக்கே மச்சான், கிழக்கே ஓடை தாண்டி ஒரு ஸ்வீடன்காரர், தெற்கே பெயர் போட்டுவிட்டு ஆளைக் காணோம். குடும்பக் கடிதத்தில்தான் நிலத்துக்கு அக்கம்பக்கம் கிடைக்கிறது. பட்டாவை மட்டும் பார்த்தால் அது ஒரு கட்டம்.

5 பிப்ரவரி, மாலை

'இலவசம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டணம் உண்டு, எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் பொறுக்க முடியாதவர், ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றும் வழி இருந்தது. 160 ஏக்கருக்கு 200 டாலர். கையில் 200 இல்லாதவர் கடன் வாங்கிக் கட்டுவார். பட்டா கைக்கு வந்த அன்றே அடமானத்துக்கும் போய்விடும்.

வேலி, ஏர், மாடு, முதல் அறுப்பு வரைக்கும் சாப்பாடு, இதெல்லாம் அந்தப் 18க்குள் வராது. ஊருக்குப் போகும் கடிதங்களில் பணம் கேட்கும் வரிகள் ஏன் வருகின்றன என்பது இதைக் கூட்டிப் பார்த்தால் புரியும்.

7 பிப்ரவரி

ஒரு திருத்தம். 'பக்கத்தில் காலி நிலம்' என்றால் எல்லாம் அரசு நிலம் என்பது போல எழுதிவிட்டேன். ரயில் பாதையை ஒட்டிய பகுதியில் அப்படி இல்லை.

1862இல் பசிபிக் ரயில் சட்டம் ரயில் கம்பெனிகளுக்குப் பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் பத்து செக்‌ஷன் கொடுத்தது, 1864இல் அதை இருபது ஆக்கினார்கள். ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. சதுரங்கப் பலகை மாதிரி. ஒற்றைப்படை நிலத்தைக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கணும். பர்லிங்டன் அண்ட் மிசௌரி ரிவர் கம்பெனி 1872இல் போட்ட சுவரொட்டி இன்றைக்கும் இருக்கிறது: அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் பல லட்சம் ஏக்கர், பத்து வருடக் கடன், 6 சதவீத வட்டி. அரசின் இரட்டைப்படை நிலத்திலும் அந்தப் பகுதியில் ஹோம்ஸ்டெட் கேட்பவருக்கு 1879 வரை 80 ஏக்கர்தான். உள்நாட்டுப் போரில் வடக்கு (யூனியன்) படையில் இருந்த வீரர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்கு 160. படையில் இருந்த காலத்தையும் அந்த ஐந்து வருடத்தில் கழித்துக்கொள்ளலாம்.

அதனால் ஓர் அண்ணன் தம்பிக்கு 'பக்கத்து நிலம்' என்று எழுதினால், எந்த எண் செக்‌ஷன் என்று பாருங்கள். இரட்டைப்படை என்றால் உழைப்பைக் கொண்டு வா. ஒற்றைப்படை என்றால் அப்பாவிடம் பேசி உன் பங்கை வாங்கிக்கொண்டு வா. ஒரே வரிதான், வீட்டுக்குள் அது கிளப்பும் பேச்சு வேறு வேறு.

10 பிப்ரவரி

பட்டாவில் அமெரிக்க ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டிருப்பாரே என்று ஒரு நண்பர் பெருமையாக எழுதியிருந்தார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெயர் ஜனாதிபதியுடையது, கை வேறொருவருடையது. குவிந்த பட்டாக்களில் கையெழுத்துப் போட்டு மாளாமல் 1833இல் சட்டம் போட்டு அதற்கென்று ஒரு செயலரை வைத்துவிட்டார்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் நடந்தது. அதற்கப்புறம் வந்த பட்டாக்களில் கிராண்ட் என்று இருந்தாலும் ஹேஸ் என்று இருந்தாலும் கீழே 'செயலர் வழியாக' என்று இருக்கும். வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பவர்களிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

12 பிப்ரவரி

நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் என்ற ஊருக்கு நான் போன கதையை எழுதுகிறேன்.

மகன் ஒமாஹாவில் வேலை பார்த்தபோது ஆறு மாதம் போய் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காரில் தெற்கே கூட்டிப்போனான். பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே டேனியல் ஃப்ரீமன் என்பவரின் 160 ஏக்கர் இப்போது தேசியப் பூங்கா. ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளே, 1863 ஜனவரி 1 அன்று, பிரவுன்வில் நில அலுவலகத்தில் அவர் மனு பதிவானது. சான்றிதழ் எண் 1 அவருடையதுதான்.

இறங்கியதும் முதலில் பார்த்தது கார் நிறுத்துமிடம். அது சரியாக 1 ஏக்கர். ஏக்கர் என்றால் என்ன என்று தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் ஒரு சுற்று நடந்தேன். இந்த மாதிரி 160. இடுப்புக்கு மேல் புல் வளர்ந்து நிற்கிறது. அதை இரண்டு பேரும் இரண்டு மாடும் உழுவது எப்படி என்று நினைத்தபோது, 'இன்றைக்கு மூன்று ஏக்கர் முடிந்தது' என்ற மாதிரி வரிகளை நான் எவ்வளவு அலட்சியமாகத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று உறைத்தது. மனைவிக்கு அவர்கள் அனுப்பிய உடம்பு வலிக் கணக்கு அது.

அங்கே 1867இல் கட்டிய பாமர்-எபர்ட் மரவீடு ஒன்றும் இருக்கிறது. வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது. 14 அடிக்கு 16 அடி. நம் வீட்டு ஹால் அளவு. பாமர் குடும்பம் பத்துப் பிள்ளைகளோடு அதற்குள் வாழ்ந்தது.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். ஃப்ரீமனின் தம்பி போரில் இறந்துபோனார். அந்தத் தம்பிக்கு நிச்சயம் செய்திருந்த பெண் ஆக்னஸ் சூட்டர், அயோவாவில் இருந்தார். டேனியல் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறார். கடிதத்திலேயே பழகி, கடிதத்திலேயே கேட்டு, 1865இல் கல்யாணம். அவர் கேட்டபோது கையில் இருந்தது பட்டா கூட இல்லை, மனு போட்ட 160 ஏக்கர். இருவர் கல்லறையும் அந்த நிலத்தில்தான்.

ஐந்து வருடம் முடிந்து பட்டா கேட்கும்போது, பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஃப்ரீமனுக்குச் சொன்ன சாட்சியத்தை அங்கே நின்றே படித்தேன். வீடு பாதி மரத்துண்டு, பாதி பலகை, 14 அடிக்கு 20 அடி. கதவு இரண்டு, ஜன்னல் இரண்டு. ஓட்டுப் பலகைக் கூரை, பலகைத் தரை. 35 ஏக்கர் உழுது வேலி போட்டது. தொழுவம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் குதிர். ஆப்பிள் 40 மரம், பீச் ஏறக்குறைய 400 மரம்.

'மாவடை மரவடை உள்பட' என்று நாங்கள் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவோமே, அங்கே மரத்தை எண்ணி எழுதியிருக்கிறார்கள். எண்ணியவர் பக்கத்து நிலத்துக்காரர். என் மகன் போகலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டான்.

13 பிப்ரவரி

சாட்சி பொய் சொல்ல மாட்டாரா என்று கேட்டவருக்கு: சொல்வார்.

வீடு 12க்கு 14 என்று சட்டத்தில் இருந்ததாம், அடியா அங்குலமா என்று இல்லையாம். அதனால் 12 அங்குலத்துக்கு 14 அங்குலம் பொம்மை வீடு செய்து நிலத்தில் வைத்துவிட்டு '12க்கு 14 வீடு இருக்கிறது' என்று சத்தியம் செய்தார்களாம். நெப்ராஸ்காவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் வீட்டளவே கிடையாது என்பதால் நான் இதைக் கதையாகத்தான் வைத்திருக்கிறேன். 21 என்று காகிதத்தில் எழுதிச் செருப்புக்குள் வைத்துக்கொண்டு 'இருபத்தொன்றுக்கு மேல்' என்று சொன்ன பையன் கதையும் இதே பெட்டியில் போகும்.

நடந்ததே இன்னும் அழகு. அக்கா தங்கை இருவர் அடுத்தடுத்த கால் பங்கு எடுத்தால், எல்லைக் கோட்டின்மேல் ஒரே வீடாகக் கட்டுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா கட்டில், அந்தப் பக்கம் தங்கை கட்டில். ஒரே அடுப்பு. இருவரும் அவரவர் நிலத்தில் தூங்குகிறார்கள், சட்டம் கேட்டது அதுதானே. கல்யாணமாகாத பெண் 21 வயதானால் சொந்தப் பெயரில் கேட்கலாம், விதவையும் கேட்கலாம். புருஷன் இருக்கும் மனைவி கேட்க முடியாது.

18 பிப்ரவரி

நான்கு நாளாக என் முதல் குறிப்பையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதில் நான் சொன்னது உண்மை. ஆனால் அதில் பாதியை நான் பார்க்காமல் விட்டேன்.

'சீக்கிரம் வா' என்பது பாசம். அதே வரி ஒரு கட்டாயமும்கூட. எழுதுகிறவர் தனியாக இருக்கிறார், பயமாக இருக்கிறது, தான் எடுத்த முடிவு சரி என்று காட்ட இன்னொருவர் வந்தாக வேண்டும். அதனால் நல்லதை மட்டும் எழுதுகிறார். 1873 ஜூனில் மேட்டி இந்தியானாவுக்கு எழுதிய கடிதத்தில் புல்மண் கட்டி வெட்டிக் கட்டிய தங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறார். பலகை வீட்டு அளவுக்கு வசதி இல்லை, ஆனால் முன்பு இருந்த மரவீடுகளுக்கு இது குறைவில்லை என்கிறார். முதலில் படித்தபோது என்ன தைரியம் என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது, அம்மா வீட்டுக்குக் கவலை தராமல் எழுதும் ஒரு பெண் தெரிகிறார். மழை பெய்தால் புல்மண் கூரை எப்படி ஒழுகும் என்று அந்தப் பக்கத்து மக்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நாமும் கல்யாணமாகி வேறு ஊர் போனபிறகு அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வருடமே, 1874இல், வெட்டுக்கிளி. வானம் மறைத்து வந்து இறங்கி, பயிரோடு குதிரைச் சேணத் தோலையும் கடித்தன. பயிர் போனவர்கள் நிலத்தை விட்டுக் கூலிக்குப் போய்வரலாம், உரிமை போகாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டி வந்தது. அப்படிக் கூலிக்குப் போன ஆண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தனி வகை. இந்தத் தடவை தூர தேசம் கிழக்கு, வீடு மேற்கு.

முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். சட்டப்படி பட்டா வராத நிலத்தை விற்க முடியாது. ஆனால் 'நான் விட்டுவிடுகிறேன்' என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் காகிதத்தைக் காசுக்குக் கொடுத்து, வாங்கியவர் நில அலுவலகத்தில் அதை நீட்டிய அதே நிமிடத்தில் தன் மனுவையும் நீட்டுவார். இதற்குத் தரகர்கள் இருந்தார்கள், பேப்பரில் விளம்பரம் வரும். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலம் கைமாறும் இடமெல்லாம் காகிதம் ஒன்று சொல்லும், நடப்பது ஒன்று.

மேட்டி 1880இல் பிரசவத்தில் இறந்துபோனார். யூரையா பிள்ளைகளோடு அந்த இடத்தை விட்டுப் போனார், மறுமணம் செய்தார், வேறு வேறு மாநிலங்களில் நிலம் தேடினார். அவருக்கு அப்புறமும் மகள்களுடைய கடிதங்கள் தொடர்கின்றன. நீங்கள் வெறும் நிலக் கணக்கு என்று ஒதுக்கிய கடிதக் கட்டுக்குள்தான் இதுவும் இருக்கிறது.

19 பிப்ரவரி

நேற்று சொன்னதற்கு ஒட்டுப்போட ஒன்று. காலம் கொஞ்சம் பிந்தியது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலினோர் ப்ரூயிட் ஸ்டீவர்ட் 1909இல் வயோமிங்கில் நிலம் பதிந்தார். டென்வரில் தான் முன்பு வேலை பார்த்த வீட்டு அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சாகிப் பெரிய பெயர் வாங்கின. தனியாக ஒரு பெண் நிலம் எடுத்துப் பிழைக்கலாம் என்று அவ்வளவு உற்சாகமாக எழுதுவார். பின்னால் நிலக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது வேறு விஷயங்கள் தெரிந்தன. பதிந்த சில நாளிலேயே பக்கத்துப் பண்ணைக்காரரைக் கல்யாணம் செய்திருக்கிறார், அதைக் கடிதத்தில் பல மாதம் சொல்லவே இல்லை. 1912இல் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், அது மாமியார் பெயருக்குப் போனது.

அவரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். நிலம் குடும்பத்துக்குள்ளேயே நின்றது, சமாளித்தார்கள். ஆனால் கடிதத்தைக் கோப்போடு வைத்துத்தான் படிக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கோப்பை மட்டும் படித்தவருக்கு அந்த உற்சாகம் தெரிந்திருக்காது என்பதும் உண்மைதானே.

21 பிப்ரவரி

நிலம் விற்கும்போது மனைவியின் கையெழுத்து எதற்கு என்று கேட்டவருக்கு.

புருஷன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின்மேல் மனைவிக்கு ஆயுள்வரை உரிமை உண்டு. அதனால் விற்கும்போது அவள் கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவருக்கு வில்லங்கம். பல மாநிலங்களில் அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புருஷன் கேட்காத தூரத்தில் வைத்து, 'சம்மதித்துத்தான் போடுகிறாயா' என்று கேட்டு எழுத வேண்டும். அந்த அறைக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பத்திரத்தில் இருப்பது 'சம்மதித்தாள்' என்ற ஒரு வரி. அக்காவுக்கு அவள் எழுதிய கடிதம் மிச்சமிருந்தால்தான் மற்றது தெரியும்.

ஆரிகனில் 1850ஆம் வருட நிலக்கொடைச் சட்டம் இன்னும் விசித்திரம். அந்த வருடம் டிசம்பர் 1க்கு முன்பு வந்து குடியேறிய தனியாளுக்கு 320 ஏக்கர், கல்யாணமானால் 640, அதில் பாதி மனைவி பெயரிலேயே. மனைவிக்குச் சொந்தப் பெயரில் நிலம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். கூடவே அந்த இன்னொரு பாதிக்காக மிகச் சின்ன வயதுப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை வந்து நின்றார்கள். சட்டம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை எப்படிப் பயன்படுத்தும் பாருங்கள்.

அப்புறம் விடுதலைப் பத்திரம், பவர். ஒஹையோவிலோ இந்தியானாவிலோ அப்பா இறப்பார், பிள்ளைகளில் இருவர் மேற்கே. ஊர் நிலத்தை விற்க அவர்கள் பங்கை விட்டுக் கையெழுத்து வேண்டும். காகிதம் தபாலில் போகும், மாவட்டத் தலைமை ஊருக்கு வண்டி கட்டிப் போய் நோட்டரி முன் போட்டுத் திருப்பி அனுப்பணும். கூடவே வைக்கும் கடிதத்தில் இருப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பெரியவன் அதிகம் எடுத்துக்கொண்டானா, என் பங்குப் பணம் விதைப்புக்கு முன்னால் வருமா. எங்கள் மேசைக்கு வந்த பங்காளிகளும் இதே வரிசையில்தான் பேசுவார்கள்.

22 பிப்ரவரி

தபால் செலவு: 1851 முதல் முன்கூட்டிக் கட்டினால் மூவாயிரம் மைல் வரை 3 சென்ட். 1863இல் நாடு முழுக்க எவ்வளவு தூரமானாலும் 3 சென்ட். 1883இல் 2 சென்ட். 1851க்கு முன்பு, 1845 முதல், முந்நூறு மைலைத் தாண்டினால் 10 சென்ட். வீட்டு வாசலுக்கே தபால் என்பது கிராமங்களுக்கு 1896க்கு அப்புறம்தான். அதுவரை தபால் நிலையத்துக்கு நடக்கணும், கடிதம் இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பி நடக்கணும்.

காகிதம் மிச்சம் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாக எழுதுவார்கள். பக்கம் நிறைந்ததும் தாளைக் கால் திருப்பு திருப்பி, எழுதிய வரிகள் மேலேயே குறுக்கே எழுதுவது. திரையில் பார்த்தால் ஓலைப்பாய் முடைந்த மாதிரி இருக்கும். ஒரு திசை வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மற்றது தானாக மங்கும். முதல் திசையில் விலைவாசி முடிந்து, திருப்பி எழுதிய திசையில் குழந்தையின் காய்ச்சல் இருந்ததை ஒரு கடிதத்தில் பார்த்தேன். தாள் தீர்ந்தபிறகும் அவருக்குச் சொல்ல இருந்தது அது.

26 பிப்ரவரி

'காலி நிலம்' என்று நான் இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எண்ணினேன். ஒரு தடவைகூட அது எப்படிக் காலியானது என்று எழுதவில்லை. இது சரியில்லை.

பியாட்ரிஸ் பக்கத்து நிலம் ஓட்டோ-மிசௌரியா மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் நெப்ராஸ்கா நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒதுக்கிய சின்ன இடத்துக்குப் போனார்கள். அதையும் துண்டுபோட்டு விற்றார்கள். 1881இல் அவர்களைத் தெற்கே, இப்போதைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நெப்ராஸ்காவின் பானி மக்களும் 1870களின் நடுவில் அதே திசையில் போனார்கள்.

ஃப்ரீமன் மனு போடும்போது இந்த மக்கள் அதே மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் போட்டு ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் தொழிலில் தாய்ப்பத்திரம் கேட்காமல் அப்பா பேனாவைத் தொட மாட்டார். பட்டாவுக்கு முந்தைய தாய்ப்பத்திரம் அந்த ஒப்பந்தம். அதில் எழுதிக் கொடுத்தவர்கள் எந்த நிலைமையில் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்ல, தனியாகக் கூப்பிட்டு 'சம்மதித்துத்தானா' என்று கேட்ட அதிகாரி யாரும் இல்லை. அடுத்த தடவை பியாட்ரிஸ் போனால் அந்தப் புல்லை நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

2 மார்ச்

இழையைத் தொடங்கியவர் நேற்று எழுதியிருக்கிறார், ஆப்ளிங்கர் கடிதங்களை முதலிலிருந்து மறுபடி படிக்கப்போகிறாராம், நிலக் கோப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்.

பட்டாவை அரசின் நில மேலாண்மைத் துறைத் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசில்லாமல் பார்க்கலாம். சாட்சியம், மனு, ரசீது எல்லாம் அடங்கிய கோப்பு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். பட்டா கிடைக்காமல் ரத்தானவர்களுக்கும் அங்கே கோப்பு உண்டு. கேட்கும்போது டவுன்ஷிப், ரேஞ்ச் (அந்த டவுன்ஷிப் நிற்கும் வடக்கு-தெற்கு வரிசை), செக்‌ஷன், எந்தக் கால் பங்கு என்று எழுதணும்.

கோப்பு வந்ததும் முதலில் வீட்டைப் பற்றிய வரியைப் பாருங்கள். அப்புறம் 1873 ஜூன் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மேட்டி அம்மா வீட்டுக்கு எழுதிய வீடும், சாட்சி சொன்ன வீடும் ஒன்றுதானா, ஜன்னல் எத்தனை என்று இங்கே எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.